உப்புக் காற்றும் கான்கிரீட்டின் நுண்துளைகளும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு மளிகைச் சரக்கு அனுப்பி வரும் நாம், அங்குள்ள கடைக்காரர் ஒருவருடன் கூட்டாகச் சிறு கிடங்கு ஒன்று கட்டினோம். பன்னிரண்டாம் ஆண்டில், ஒரு விடியற்காலை, தளத்திலிருந்து பெயர்ந்த கான்கிரீட் துண்டு சர்க்கரை மூட்டைகளின் மேல் விழுந்தது. நல்ல வேளை, சுமை இறக்கும் ஆட்கள் இன்னும் வரவில்லை. அண்ணாந்து பார்த்தால், கம்பி துருவேறிப் பருத்திருந்தது.

"17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகள் இதே ஊரில் நிற்கின்றனவே, நம் கட்டடம் மட்டும் ஏன் உதிர்கிறது?" என்று கேட்டார் கடைக்காரர். அவை செங்கல்லும் சுண்ணாம்பும். துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை. நம் தளத்தில் கம்பி உண்டு. அதைக் காக்க வேண்டியது சுற்றியுள்ள கான்கிரீட்தான்.

இறுகிய சிமெண்ட் பார்வைக்குக் கல். உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றுவது பிறகு உலர்ந்து, இருந்த இடத்தைத் துளையாக விட்டுப் போகும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்தால், உப்பு கம்பி வரை சென்றுவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் மேலுள்ள கான்கிரீட் வெடிக்கிறது.

அமெரிக்காவில் பவர்ஸ் குழுவினர் 1959-இல் இதைக் கணக்கிட்டனர். மூட்டைக்கு 22½ லிட்டர் என்றால், ஈரம் காயாமல் வைத்திருந்தால் ஏழு நாளில் துளைகளின் தொடர்பு அறுந்துவிடும். 35 லிட்டர் என்றால் ஓராண்டு ஆகும். ஓராண்டு யார் நீராற்றுவார்?

2000-இல் வெளியான ஐ.எஸ். 456 தர விதி, கடலோரக் கம்பிக் கான்கிரீட்டுக்கு அந்த 22½ லிட்டரையே உச்ச வரம்பாக வைத்தது. மணலில் உள்ள ஈரமும் இதில் அடக்கம். கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டுக்கும், வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும். இத்தகைய சிமெண்டில் துளைகள் இன்னும் நுண்ணியதாகும். ஆனால் ஈரம் குறைந்தால் அந்தப் பலன் கிட்டாது. கலப்பதற்கும் நீராற்றுவதற்கும் உப்புநீர் ஆகாது.

நாம் செய்தது என்ன? "கலவை இளக்கமாக இருக்கட்டும், வேலை சீக்கிரம் முடியட்டும்" என்று மேஸ்திரியை அவசரப்படுத்தியவர்கள் நாமே. பிறகு உப்பு மூட்டைகளைத் தூணோடு சாய்த்து அடுக்கியவர்களும் நாமே.

கால் கிலோ பருப்பையும் தராசில் நிறுத்துக் கொடுக்கும் நாம், கலவைத் தண்ணீரை மட்டும் கண்ணளவுக்கு விடலாமா? கிடங்கு கட்டும் அன்பர்கள் கலவை போடும் நாளில் ஓர் அளவு வாளியுடன் பக்கத்தில் நிற்க வேண்டுகிறோம்.