கலங்கிய காலத்தில் கவிதை என்ன செய்யும்?

ஈப்போவில் சீனப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சின்ன வயதிலேயே தாங் அரசர் காலத்துக் கவிதைகளை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் காலத்துப் பாடல்களில் நிலவும் மலையும் மட்டுமல்ல, போரும் பஞ்சமும் உண்டு. நாடு கலங்கியபோது சீனப் புலவர் என்ன செய்தார்? பேராக் தோட்டப்புறத்து நம்மவர்களும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

சீனர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் புலவர் தூ ஃபூ (712-770). 755-ல் ஆன் லூஷான் என்ற தளபதி கிளர்ச்சி செய்தான். 763 வரை நாடு பற்றியெரிந்தது. 755-ல் வீடு திரும்பிய புலவரை வரவேற்றது அழுகைச் சத்தம். அவருடைய பச்சைக் குழந்தை பசியால் இறந்திருந்தது. அவர் தம் துக்கத்தைப் பாடியதோடு நிற்கவில்லை. வரியும் படைச் சேவையும் இல்லாத தமக்கே இந்த நிலை என்றால், ஏழைகளின் கதி என்ன என்று நினைத்துப் பார்த்தார்.

759-ல் எழுதிய இன்னொரு பாடலில், இரவில் ஒரு கிராமத்துக்குப் படையாள் பிடிக்க அதிகாரி வருகிறான். கிழவர் சுவரேறித் தப்புகிறார். மகன்கள் இருவரைப் போரில் இழந்த கிழவி, சமைத்துப் போடவாவது உதவுவேன் என்று தானே புறப்படுகிறாள். புலவர் யாரையும் திட்டவில்லை. கேட்டதை அப்படியே எழுதி வைத்தார். அதனால்தான் அவர் பாடல்களைக் 'கவிதை வரலாறு' என்கிறார்கள்.

இது தமிழுக்குப் புதிதா? இல்லை. இழப்பைப் பாடுவதற்கென்றே நம் முன்னோர் 'கையறுநிலை' என்று ஒரு துறை வகுத்தார்கள். தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிரின் பாடல் புறநானூற்றில் 112-ஆம் பாட்டாக நிலைத்துவிட்டது. தோட்டத்து லயங்களில் அந்த வேலையைச் செய்தது ஒப்பாரி.

இங்கும் ஆள் பிடித்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவைப் பிடித்தது. பிறகு சயாம்-பர்மா இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு போனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவும் பசியும் பல்லாயிரம் பேரைத் தின்றன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகளில் பெயர் செதுக்கியிருக்கிறது. இறந்த தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் போட்ட கல் இல்லை.

ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் வந்தது 1993-ல், பாதை முடிந்து 50 ஆண்டுகள் கழித்து. அதுவரை அந்தத் துயரத்தைப் பெரும்பாலும் வாய்மொழிதான் சுமந்தது. தூ ஃபூவின் பாடல்களில் சுமார் 1,400 இன்றும் கிடைக்கின்றன. காரணம், அவை ஏட்டில் ஏறின. தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரி ஏட்டில் ஏறவில்லை. பாடியவரோடு போய்விட்டது.

1943-ல் 10 வயதாக இருந்தவர் இன்று 90-ஐத் தாண்டியிருப்பார். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்து விட்டன. ஆனால் பாட்டி பாடியதைக் கேட்ட மகளோ பேத்தியோ எங்காவது ஒரு வீட்டில் இருப்பார். கைப்பேசியை அவர் முன் வைத்து, நினைவிருக்கும் நாலு வரியைப் பாடச் சொல்லுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், யாருக்காக அழுதது என்று பெயரோடு எழுதி வையுங்கள்.

கவிதை போரை நிறுத்தாது, பசியைத் தீர்க்காது. போனவர் பெயரைக் காக்கும். யாராவது எழுதி வைத்தால்தான்.