ஆள் குறைந்த நாட்டிற்கு அரசாங்க மானியம்

பொருளாதார நூல் பயிலும் மாணவர் முதலிற் கற்கும் கணக்குகளுள் ஒன்று வகுத்தற் கணக்காகும். நாட்டின் வருமானத்தை ஜனத்தொகையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வரும். ஒரு பாலத்தின் செலவை அதனைக் கடப்போர் தொகையால் வகுத்தால், அது கட்டத் தகுந்ததா அன்றா என்பது ஒருவாறு புலனாகும். மக்கள் நெருங்கி வாழும் நாடுகளுக்கு இக்கணக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஐம்பது மைலுக்கு ஒரு சிற்றூர் என்றிருக்கும் நாடுகளுக்கும் இது பொருந்துமோ? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமஷ்டி அரசாங்கம் இவ்வினாவுடன் ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகளாகப் போராடி வந்துள்ளது. அவ்வரலாற்றிற் சில பகுதிகளை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

1935-ஆம் ஆண்டில் அந்நாட்டு நகர வீடுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றில் மின்விளக்கு எரிந்தது. பண்ணை வீடுகளுள் நூற்றுக்குப் பத்தே அவ்வசதி பெற்றிருந்தன. இதற்காக மின்சாரக் கம்பெனிகளை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. நகரில் ஒரு மைல் கம்பி ஒரு தெரு முழுவதற்கும் பயன்படும். பண்ணை நாட்டிலோ அதே மைல் கம்பி இரண்டு மூன்று வீடுகளுக்கே எட்டும். இலாபம் கருதுவோர் அங்கே கம்பம் நடாமை வியப்பன்று. அவ்வாண்டு மே மாதத்தில் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு கட்டளையால் கிராம மின்சார நிர்வாகம் என்னும் இலாகாவை அமைத்தார். மறு ஆண்டில் அது சட்டத்தால் உறுதி பெற்றது. குடியானவர் தாமே கூட்டுறவுச் சங்கங்களாகக் கூடினர். சர்க்கார் அவற்றிற்குக் குறைந்த வட்டியில் நீண்ட தவணைக் கடன் ஈந்தது. சங்கத்தார் கம்பங்களுக்கிடையே தூரத்தைக் கூட்டிக் கம்பங்களின் தொகையைக் குறைத்து, மைலுக்கு ஆகும் செலவையே சுருக்கினர். 1950-க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் பண்ணை வீடுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றில் விளக்கு எரிந்தது.

எனினும் அது கடன்; மானியமன்று. மின்சாரம் பெற்றவன் மாதந்தோறும் விலை கொடுப்பான், கடன் தீரும். சாலையும் குடிநீர்க் குழாயும் வைத்தியசாலையும் அத்தன்மையன அல்ல. அவற்றிற் போட்ட பணம் திரும்பி வருவதாயினும், பெட்டிக்கு வருவதில்லை.

இக்கருத்தை ஒட்டியே 1965-ஆம் ஆண்டிற் பெருஞ் சட்டங்கள் இரண்டு பிறந்தன. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த அப்பலாச்சிய மலைநாட்டில் அக்காலத்தில் ஏறக்குறைய மூவருள் ஒருவர் வறியராயிருந்தனர். ஜனாதிபதி கென்னடி தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, ஜனாதிபதி ஜான்சன் அவ்வாண்டு மார்ச்சு 9-இல் அப்பலாச்சியப் பிரதேசக் கமிஷனை நிறுவும் சட்டத்திற் கையொப்பமிட்டார். மாகாணங்களின் கவர்னர்களும் சமஷ்டி அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவரும் ஒருங்கிருந்து முடிவு செய்தல் வேண்டும். ஒரு பக்கத்தார் மாத்திரம் பணத்தைப் பங்கிட இயலாது. மலைகளை ஊடறுத்துச் செல்லும் சாலைகளே இக்கமிஷனின் முதற் பெரும் பணி. பிற்காலத்தில் அது கவுண்டி எனப்படும் சிறு பிரிவுகளை அவற்றின் நிலைமைக்கேற்ப வகைப்படுத்திற்று. மிக நலிந்த கவுண்டியில் ஒரு வேலைக்கு ஆகும் செலவில் நூற்றுக்கு 80 வரை கமிஷன் தரும், இடைநிலையிலுள்ளதற்கு 50, செழித்ததற்கு ஒன்றுமில்லை. எஞ்சிய பங்கை ஊராரோ பிறரோ இடவேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் பொருளாதார அபிவிருத்திச் சட்டமும் நிறைவேறிற்று. இதன்படி மானியம் பெறத்தக்க இடம் எது? வேலையில்லாதோர் வீதம் நாட்டின் சராசரியினும் நூற்றுக்கு ஒன்றேனும் மிகுதியாயிருக்கும் இடம். அன்றித் தலை வருமானம் நாட்டுச் சராசரியில் நூற்றுக்கு 80-க்கு மேற்படாத இடம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஆள் குறைந்த நாட்டில் இவ்வளவுகோல் வழுக்குகின்றது. வட டக்கோட்டா மாகாணத்துச் சமவெளிக் கவுண்டிகள் பல 1930-க்குப் பின் தம் மக்களிற் பாதிக்கு மேல் இழந்தன. வேலையற்றவன் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு நகருக்குப் போய்விட்டால், எஞ்சியோருள் வேலையற்றோர் வீதம் எவ்வாறு உயரும்? ஊர் அழியுந்தோறும் அதன் கணக்கு அழகு பெறுகின்றது! மக்கள் வெளியேறுதலையும் ஒரு தனிக் காரணமாகக் காட்டி விண்ணப்பிக்க அச்சட்டத்தில் இடமுண்டு என்பதை மறைத்தல் முறையன்று. ஆயினும் அதனைக் காட்டி வாதிக்கவும், திட்டம் வரையவும், கணக்கு ஒப்புவிக்கவும் ஆள் வேண்டுமே. பெருநகர் இதற்கென ஓர் அலுவலகமே வைத்திருக்கும். சில நூறு குடிகளே உள்ள ஊரிலோ வரி வாங்குபவரும் ஏடு எழுதுபவரும் மானியம் கேட்பவரும் ஒருவராகவே இருத்தல் கூடும். தேவை மிகுந்தவன் கேட்கும் வன்மை குறைந்தவனாயிருத்தலே இம்மானியங்களின் பெருங்குறை என்பது என் கருத்து.

நிற்க, அலாஸ்காவை நோக்குவோம். பரப்பில் அது இந்திய தேசத்தின் பாதியினும் சற்றுப் பெரியது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 7,33,391, நம் மதுரை மாநகரினும் குறைவு. அங்குள்ள சிற்றூர்களுட் பலவற்றிற்குச் சாலை என்பதே இல்லை. ஆறு உறையாத கோடை மாதங்களில் தெப்பக் கப்பல் எண்ணெய் கொண்டு வரும். அதனைத் தொட்டிகளில் நிரப்பி வைத்தே குளிர்காலம் முழுவதும் மின்சாரமும் வெப்பமும் பெறுதல் வேண்டும். அத்தொட்டிகள் பழுதுற்று ஒழுகின. புதியவை கட்ட ஊராருக்கு வகையில்லை. ஆதலின் 1998-ஆம் ஆண்டிற் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸின் முயற்சியால் டெனாலிக் கமிஷன் ஏற்பட்டது. டெனாலி என்பது வட அமெரிக்காவின் மிகவுயர்ந்த சிகரம். கமிஷன் எண்ணெய்த் தொட்டிகளையும் மின்னிலையங்களையும் வைத்தியசாலைகளையும் கட்டுவித்தது. அதன் வருவாய் சில ஆண்டுகள் பெருகிப் பின்னர் மிகச் சுருங்கிற்று. 2013-இல் அதன் தலைமைத் தணிக்கை அதிகாரியே, இவ்வமைப்பிற்கு இனிப் பணம் ஒதுக்க வேண்டாம் என்று காங்கிரசுக்கு எழுதினார். தாம் சம்பளம் பெறும் அலுவலகத்தை மூடச் சொல்லும் அதிகாரி எந்நாட்டிலும் அரியர்.

மானியத்தின் சிக்கல் அனைத்தையும் ஒருங்கே காட்டும் ஊர் நியூடாக். மேற்கு அலாஸ்காவில் நிங்லிக் ஆற்றங்கரையில் யூப்பிக் மக்கள் ஏறக்குறைய முந்நூற்றைம்பதின்மர் வாழ்ந்த இடம் அது. 1949-இல் பள்ளிக்கூடம் கட்டச் சாமான் ஏற்றி வந்த தெப்பக் கப்பல் ஆற்றில் அதற்கு மேற் செல்ல இயலாமையால் அவ்விடத்தில் இறக்கிற்று என்றும், பள்ளியைச் சுற்றியே ஊர் அமைந்தது என்றும் கூறுவர். என்றும் உறைந்திருந்த அந்நிலம் இளகிற்று. ஆறு கரையை அரித்தது. ஒன்பது மைலுக்கு அப்பால் நெல்சன் தீவில் மெர்ட்டார்விக், அதாவது நீர் முகக்கும் இடம், என்னும் மேட்டு நிலத்தை ஊரார் தேர்ந்தனர். அந்நிலத்தைப் பரிவர்த்தனையாகப் பெறக் காங்கிரஸ் 2003-இல் அனுமதி தந்தது. ஆனால் ஊரைப் பெயர்க்கவென்று அக்காலத்தில் தனி இலாகா ஒன்றும் இல்லை. அதே ஆண்டிற் சமஷ்டித் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அலாஸ்காப் பழங்குடியினர் ஊர்கள் 213-ல் 184 வெள்ளத்தாலும் அரிப்பாலும் துன்புற்றன என்றது. அவற்றுட் பலவற்றிற்கு உதவி கிட்டாமைக்குக் காரணமும் சொல்லிற்று: காக்க ஆகும் செலவு, காக்கப்படும் சொத்தின் மதிப்பினும் மிகுதி. அதாவது நாம் தொடக்கத்திற் கண்ட வகுத்தற் கணக்கே.

இராணுவப் பொறியியற் படையினர் 2006-இல் நியூடாக்கைப் பெயர்க்க 8 கோடி முதல் 13 கோடி டாலர் வரை ஆகும் என்று மதித்தனர். தலைக்கு இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் ஆகும். இத்தொகை தகுமா என்று வரி செலுத்தும் ஒருவன் கேட்டால் அவனைக் கல்நெஞ்சன் என்று ஒதுக்குதல் எளிது. விடை கூறுதல் எளிதன்று. குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து நகருக்கு அனுப்பினால் என்ன என்பாரும் உளர். யூப்பிக் மொழியும் மீன்பிடித்தலும் வேட்டையும் நகரில் எங்ஙனம் வாழும் என்று ஊரார் கேட்டனர். இவ்வினாவை எந்த எண்ணால் வகுப்பது?

வேறொரு முடிச்சும் இருந்தது. மக்கள் இல்லாத இடத்திற் பள்ளியும் விமான இறங்குதுறையும் கட்ட இலாகாக்களின் விதி இடந்தரவில்லை. பள்ளியில்லாத இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் துணியவில்லை. இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. 2015-இல் இத்தகைய ஊர்களுக்கான உதவியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு டெனாலிக் கமிஷனிடம் ஒப்புவிக்கப்பட்டது. 2018-இற் காங்கிரஸ் ஒன்றரைக் கோடி டாலர் ஒதுக்கிற்று. 2019 அக்டோபரில் முதற் குடும்பங்கள் மெர்ட்டார்விக்கிற் குடியேறின. ஓர் ஊர் இரண்டாகப் பிரிந்து, பாதி ஆற்றின் இப்புறமும் பாதி அப்புறமுமாகச் சில ஆண்டுகள் இருந்தது. 2022 செப்டம்பரில் மெர்பாக் புயலின் எச்சம் பழைய ஊரின் கரையை மேலும் விழுங்கிற்று. எஞ்சியிருந்த குடும்பங்கள் 2024-ஆம் ஆண்டின் இறுதிக்குள் வந்து சேர்ந்தன.

அதே மாகாணத்தின் வடமேற்கில் ஷிஷ்மரெஃப் என்னும் தீவூர் உண்டு. அதனையும் கடல் அரிக்கின்றது. அங்குள்ளார் 2016-இல் வாக்கெடுத்து இடம் பெயர்வதென்று முடிவு செய்தனர். நியூடாக்கின் கடைசிக் குடும்பம் புதிய வீட்டில் விளக்கேற்றிய 2024-இலும் ஷிஷ்மரெஃப் பழைய தீவிலேயே இருந்தது.