மொட்டைமாடியில் பார்ட்டி... வாசலில் போலீஸ்! 10 மணிக்கு மேல் சத்தம் போட்டால் என்ன ஆகும்?

ஏற்காடு மலையடிவாரத்தை ஒட்டியிருக்கும் சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் என எந்த விசேஷம் என்றாலும் வீட்டு வாசலில் சாமியானாவும் மைக் செட்டும் வந்துவிடும். இப்போது அந்த வரிசையில் மொட்டைமாடி பிறந்தநாள் பார்ட்டியும் சேர்ந்துவிட்டது. கேக், பிரியாணி, குத்துப்பாட்டு என்று களைகட்டும் நேரத்தில் தெருமுனையில் போலீஸ் ஜீப் வந்து நின்றால், வீட்டுக்காரருக்கு முதலில் வருவது கோபம்தான். ‘எங்க வீடு, எங்க விசேஷம். இவங்களுக்கு என்ன?’

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒலி மாசு விதிகள், 2000-ன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாலு பக்கமும் மூடிய அரங்கத்துக்குத்தான் விலக்கு. மொட்டைமாடியும் சாமியானாவும் அதில் வராது. பகலிலும் ஒலிபெருக்கி வைக்க எழுத்துபூர்வ அனுமதி தேவை. சொந்த ஸ்பீக்கர்தானே என்றும் தப்பிக்க முடியாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். உங்கள் காம்பவுண்டு சுவரில் அளந்தால் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வதே ஏறக்குறைய 60 டெசிபல் என்றால், டிஜே பாக்ஸ் எங்கே நிற்கும்?

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18-ல் வழங்கிய தீர்ப்பின் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1998 ஜனவரியில் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தி உதவி கேட்டு அலறியிருக்கிறாள். பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் அது விழவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்துபோனாள். அந்தச் செய்தியைப் படித்த ஒரு பொறியாளர் தொடர்ந்த பொதுநல வழக்கில்தான் இரவு நேரத் தடை நாடு முழுக்க உறுதியானது. பாட்டுப் போட்ட வீட்டிலும் அன்று ஏதோ ஒரு விசேஷமாக இருந்திருக்கலாம்.

பெரும்பாலும் போலீஸ் தானாக வருவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து 100-க்கோ 112-க்கோ அழைப்பு போயிருக்கும். அங்கே பிளஸ் டூ படிக்கும் பெண்ணோ, ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவரோ இருக்கலாம். இரண்டு நாள் முன்னதாகவே போய், ‘ஞாயித்துக்கிழமை பையன் பொறந்தநாளுங்க, பத்து மணிக்குள்ள முடிச்சுருவோம். சத்தம் அதிகமா இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க’ என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்தால், அந்தக் கோபம் ஸ்டேஷனுக்குப் போகாமல் உங்களிடமே வரும்.

போலீஸ் வந்துவிட்டால்? முதலில் பாட்டை நிறுத்துங்கள். பிறகு வீட்டுக்குப் பொறுப்பானவர், குடிக்காத ஒருவர், வெளியே போய்ப் பேச வேண்டும். மாமாவுக்கு எம்.எல்.ஏ-வைத் தெரியும் என்ற பேச்சு அங்கே எடுபடாது, பல நேரம் காரியத்தைக் கெடுக்கும். அனுமதிக் கடிதம் இருந்தால் காட்டலாம். வந்தவரின் பெயரையும், என்ன புகார் என்பதையும் மரியாதையாகக் கேட்கலாம், அதில் தவறில்லை. யாரையாவது கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். பொதுத்தொல்லை வழக்கில் அபராதம் 1,000 ரூபாய்தான். ஆனால், வாக்குவாதம் முற்றி, பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு வந்தால் அது வேறு கதை. பாஸ்போர்ட், அரசு வேலை என்று விசாரணை வரும்போதெல்லாம் அந்த வழக்கு எட்டிப் பார்க்கும்.

ரீல்ஸுக்காகப் பட்டாக்கத்தியில் கேக் வெட்டும் பையன்களுக்கும் இது பொருந்தும். 2018 பிப்ரவரியில் சென்னை பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் கொண்டாட்டத்தைச் சுற்றிவளைத்த போலீஸ், ஒரே இரவில் 70-க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. அதன் பிறகும் இப்படி வீடியோ போட்டுச் சிக்கிய சாதாரண இளைஞர்கள் எத்தனையோ பேர்.

மது விஷயத்தில் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்கவே தடை. குடித்துவிட்டு வண்டி எடுத்து முதல் முறை சிக்கினால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடித்தவரின் பைக் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, திண்ணையில் ஒரு பாய் விரித்துக் கொடுப்பது நல்லது. காலையில் திட்டிக்கொண்டே போவார், போகட்டும்.

மைக் செட்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே நேரத்தையும் பேசிவிடுங்கள்: ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு.