அண்டை நாட்டு அச்சம் பறித்த வாக்குரிமை

வலிமைமிக்க சர்வாதிகார நாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுநாட்டின் ஜனநாயகத்துக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? படையெடுப்பு, பொய்ப் பிரசாரம், இணையத் தாக்குதல், தேர்தலுக்குள் பாயும் பணம் ஆகியவற்றைத்தான் முதலில் சொல்வோம். நான்கும் மெய்யான ஆபத்துகளே. ஆனால், பெரிய அண்டை நாட்டின் மீதான அச்சத்தைக் காட்டிச் சொந்த மக்களின் வாக்குரிமையையே பறிக்கும் ஆபத்து உள்ளுக்குள்ளிருந்து வருகிறது. அதற்குச் சான்று நீலகிரியிலேயே இருக்கிறது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறிய, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் வரலாறுதான் அது.

இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரியில். அதே ஆண்டு டி.எஸ். சேனநாயக்க அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தந்தையோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது சட்டம். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்று லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழ்ந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரிடம் அத்தகைய பதிவு ஏது? 1947 தேர்தலில் வாக்களித்த மலையகத் தமிழர்களில் மிகப் பலர் 1952 தேர்தலில் வாக்காளர்களாகவே இல்லை. அவர்கள் வாக்கு இடதுசாரிகளுக்குச் சாதகமாக இருந்ததும் ஒரு காரணம். என்றாலும், இவர்கள் இந்தியாவின் ஆட்கள் என்ற வாதமே அந்தச் சட்டத்துக்கு நியாயம் தேடித் தந்தது. இரு நாட்டுப் பிரதமர்களும் 1964-ல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்கு வந்தவர்களுக்கு வேலை தர 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே இன்றைய அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீ.

இந்தியா சர்வாதிகார நாடு அல்லவே, இந்த ஒப்பீடு பொருந்துமா என்று கேட்கலாம். அந்த வேறுபாடு வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. ஜனநாயக நாட்டின் மீதான அச்சமே இவ்வளவு சேதம் செய்தது என்றால், சர்வாதிகார நாட்டின் மீதான அச்சம் எவ்வளவு செய்யும்!

அச்சம் நியாயமாகவே இருந்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. எஸ்தோனியாவை 1940-ல் சோவியத் ஒன்றியம் விழுங்கியது; 2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததை அந்நாடு அருகிலிருந்து பார்த்தது. அதன் அச்சத்தைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் 1991-க்குப் பிறகு அங்கே ரஷ்ய மொழி பேசும் லட்சக்கணக்கானோர் குடியுரிமை இல்லாமல் நின்றார்கள். அவர்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையும், மொழித்தேர்வு எழுதிக் குடியுரிமை பெறும் வழியும் இருந்தன. அந்த வாசல் திறந்திருந்ததால் பலர் குடிமக்களானார்கள். ஆனால் 2025-ல் அரசியலமைப்பைத் திருத்தி, அங்கு வாழும் ரஷ்யக் குடிமக்களின் உள்ளாட்சி வாக்குரிமையை எஸ்தோனியா நீக்கியது. வெளிநாட்டுப் பணத்தையும் உளவையும் சட்டத்தால் தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். அதற்குச் செயல்தான் ஆதாரமாக வேண்டும், பிறப்பும் மொழியும் அல்ல. வாக்கை இழந்தவருக்கு அந்த நாட்டைக் காக்க என்ன காரணம் மிஞ்சும்? தன் மக்களையே அந்நியராக்கும் சிறுநாடு, அண்டை நாடு செய்ய நினைத்த வேலையைத் தானே செய்து முடிக்கிறது.