அறிவித்த அணியும் ஆடிய அணியும்

ஆட்டம் தொடங்குமுன் அணியின் பெயர்ப்பட்டியலை வெளியிடுதல் சிறிய காரியம் போலத் தோன்றும். 15 பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அது முடிந்துவிடும். ஆயினும் அயர்லாந்து நாட்டிலே அச்சிறு தாள் ஒரு பெரும் விவாதத்துக்கு இடமாயிருக்கின்றது. அங்கே அணி முகாமையாளர் சிலர் ஓர் அணியை அறிவித்துவிட்டு வேறோர் அணியை ஆடவிடுகின்றனர். அவ்வாறு அறிவிக்கப்படுவதை அந்நாட்டுப் பத்திரிகைகள் 'டம்மி' அணி என்று வழங்கும். நாம் போலி அணி என்போம். இவ்வழக்கு எங்ஙனம் நிகழ்கின்றது, எதனால் நிகழ்கின்றது, இதனால் இழப்பு யாருக்கு என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

அயர்லாந்து மக்கள் தமக்கே உரியனவாகப் போற்றும் ஆட்டங்களுள் இரண்டு தலையாயவை. ஒன்று கேலிக் உதைபந்தாட்டம்; மற்றையது ஹேர்லிங். முன்னையதிற் பந்தைக் காலால் உதைப்பதோடு கையாற் பிடிக்கவும் குத்தி அனுப்பவும் விதியுண்டு. பின்னையதில் வளைந்த மரமட்டையை ஏந்தி, சிறு பந்தை நிலத்திலும் வானிலும் அடித்து ஆடுவர். இவற்றைப் பேணும்பொருட்டு 1884 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆந் திகதி தேர்லஸ் என்னும் ஊரில் மைக்கல் கியூசக் முதலானோர் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். பிறர் ஆட்சிக்குட்பட்டிருந்த மக்கள் தம் மரபைக் காத்தற்கு விளையாட்டையும் ஒரு கருவியாகக் கொண்டனர் என்க.

இவ்வாட்டக்காரருக்கு இன்றும் ஊதியம் இல்லை. ஆசிரியரும் கமக்காரரும் தச்சரும் மாணாக்கரும் பகலிலே தத்தம் தொழிலைப் பார்த்து மாலையிலே பயில்வர். பெரும்பாலும் தாம் பிறந்து வளர்ந்த ஊர்க் கழகத்துக்கும் தம் கவுண்டிக்குமே ஆடுவர். பெரிய போட்டிகளின்போது அச்சிட்டு விற்கப்படும் நிகழ்ச்சி ஏட்டில் ஆட்டக்காரனின் பெயரோடு அவனுடைய கழகத்தின் பெயரும் காணப்படும். ஆதலின் அங்கு அச்சாகும் பெயர் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்கும் ஓர் ஊருக்கும் உரிய பெருமையாகும். இதனை மனத்திற் கொண்டாலன்றிப் போலி அணி பற்றிய மனக்குறையின் ஆழம் நமக்கு விளங்காது.

இனி, பட்டியலை மறைப்பதால் வரும் பயன் யாது என்று பார்ப்போம். 15 பேரைக் கொண்ட அணியில் 1 ஆம் இலக்கத்தான் கோல் காப்பவன். 2 முதல் 7 வரையுள்ளோர் காவலர். 8, 9 என்போர் நடுக்களத்தார். 10 முதல் 15 வரையுள்ளோர் தாக்குவோர். காவலன் ஒவ்வொருவனுக்கும் நேர் எதிராளி ஒருவன் உளன். 3 ஆம் இலக்கத்தான் எதிரணியின் 14 ஆம் இலக்கத்தானையும், 6 ஆம் இலக்கத்தான் 11 ஆம் இலக்கத்தானையும் எதிர்கொள்வது மரபு. எனவே பட்டியல் வெறும் பெயர்வரிசையன்று. போர்க்களத்தின் வரைபடம் என்றே சொல்லலாம். எதிரணியின் 14 ஆம் இடத்திலே உயரத்திற் பந்தைப் பற்றவல்ல நெடியவன் நிற்பான் என்று முன்னரே தெரிந்தால், அவனுக்கு ஈடான நெடிய காவலனை நிறுத்தலாம். அவ்விடத்திற்குக் குறியவனும் விரைந்தோடுபவனுமான ஒருவன் வருவானாயின், அந்நெடிய காவலனே அணிக்குச் சுமையாவான். இவ்வொரு மாற்றத்தை மறைத்து வைத்தவன், ஆட்டத்தின் முதற் பத்து நிமிடத்தையாவது தன் வசமாக்கலாம் என்று நம்புகின்றான்.

பட்டியல் ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்னர் வெளியாகும். அதில் நிகழும் மறைப்பு மூவகைப்படும். காயமுற்று ஆடமுடியாதிருப்பவனை ஆடுவான் என்று அறிவித்தல் முதலாவது. முதலிலேயே களமிறங்கவிருப்பவனை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் இட்டு, வேறொருவன் பெயரை முன்வரிசையில் எழுதுதல் இரண்டாவது. பெயர்களை உண்மையாக அறிவித்து, இடங்களை மட்டும் மாற்றிக் காட்டுதல் மூன்றாவது. இறுதிப் போட்டிகளிலே இரு அணியினரும் வாத்தியக் குழுவின் பின்னே மைதானத்தை வலம்வருவது வழக்கம். அப்பொழுது 20 க்கு மேற்பட்ட இலக்கத்தை முதுகிலே தரித்த ஒருவன் முதற் பதினைவருள் நடந்து வருவானாயின், பட்டியல் மாறிவிட்டது என்பதைப் பார்ப்போர் உடனே அறிந்துகொள்வர்.

ஒருகாலத்தில் அணியைத் தெரிவுக்குழுவினர் பலர் கூடித் தெரிந்தனர். 1970 களில் டப்ளின் அணிக்குக் கெவின் ஹெவர்னனும் கெரி அணிக்கு மிக் ஓ'டுவையரும் தலைமை தாங்கி வெற்றிமேல் வெற்றி கண்டபின், முகாமையாளர் என்னும் தனி மனிதரின் செல்வாக்கு ஓங்கியது. ஓ'டுவையரின் காலத்தில், 1975 முதல் 1986 வரை, கெரி அணி எட்டு முறை அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றது. பிற்காலத்தில் எதிரணியின் ஆட்டங்களைப் படம்பிடித்து நுணுகி ஆராயும் முறையும் வந்தது. ஆராய்வோர் பெருகவே மறைப்போரும் பெருகினர்.

தெரிவு கடைசி வேளையில் மாறியதற்குப் புகழ்பெற்ற சான்று 2013 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஹேர்லிங் இறுதிப் போட்டியிலே கிளேயர், கோர்க் அணிகள் சமநிலை எய்தவே, செப்டெம்பர் 28 ஆந் திகதி டப்ளின் நகரின் குறோக் பார்க் மைதானத்தில் மீண்டும் பொருதின. கிளேயர் முகாமையாளர் டேவி பிற்ஸ்ஜெரால்ட் அறிவித்த அணியில் டாரக் ஹோனன் என்பவரின் பெயர் இருந்தது. ஆனாற் களமிறங்கியவர் 19 வயதினரான ஷேன் ஓ'டொனல். தாம் முதலிலேயே ஆடப்போவதை அவ்விளைஞர் ஆட்டத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன்னரே அறிந்தார். 80,000 க்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, அவர் முற்பாதியிலேயே மூன்று கோல்களை அடித்தார். ஆட்டமுடிவில் மூன்று கோல்களும் மூன்று புள்ளிகளும் அவர் கணக்கில் இருந்தன. கோல் ஒன்று மூன்று புள்ளிகளுக்குச் சமமாகும். கிளேயர் 5 கோல் 16 புள்ளிகளும் கோர்க் 3 கோல் 16 புள்ளிகளும் பெற்றன. 1997 க்குப் பின்னர் கிளேயர் கிண்ணத்தை வென்றது அன்றே. இடமிழந்த ஹோனனும் பின்னர் மாற்று ஆட்டக்காரராக வந்து, அணியின் ஐந்தாவது கோலை அடித்தார் என்பது நினைவு கூரத்தக்கது.

இத்தகைய வெற்றியைக் காட்டி, மாற்றம் நன்றே என்பாருமுளர். இளைஞன் ஒருவனின் பெயரை முன்னரே அறிவித்தால் அவன் இரவெல்லாம் உறங்கான். வந்து கேட்போருக்கு விடையிறுத்தே களைப்பான். ஆதலின் மறைப்பது அவனுக்குச் செய்யும் உதவி என்பது அவர்கள் வாதம். இதில் உண்மையும் உண்டு. காயமுற்றவனின் நிலை ஆட்டநாட் காலைவரை தெரியாமலிருப்பதும் உண்டு. அதனை வஞ்சனை என்றல் தகாது.

எனினும் மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. திருவள்ளுவர் காலமறிதலையும் இடனறிதலையும் பொருட்பாலில் வைத்தார். வாய்மையையோ அறத்துப்பாலில் வைத்தார். சூழ்ச்சியை வெளியிடாதிருத்தல் தலைவனின் திறமை. கேட்பாரில்லாதபோதும் தானே முன்வந்து பொய்ப்பட்டியல் ஒன்றைப் பலரறியக் கொடுத்தல் அத்திறமையின்பாற் படாது. நமக்குப் பழக்கமான கிறிக்கெற் ஆட்டத்தின் விதி இவ்விரண்டையும் அழகாகப் பிரித்துவிடுகின்றது. நாணயம் சுண்டுவதற்கு முன்னர் அணித்தலைவர் தம் ஆட்டக்காரரின் பெயர்களை எழுத்திலே மத்தியஸ்தரிடம் கொடுத்தல் வேண்டும். அதன்பின் எதிரணித் தலைவரின் இசைவின்றி ஒரு பெயரையும் மாற்றல் இயலாது. அதுவரை மௌனஞ் சாதிக்க அவருக்கு உரிமையுண்டு. எழுதிக் கொடுத்தபின் எழுத்துக்குக் கட்டுப்பட வேண்டும்.

போலி அணியால் இழப்பு யாருக்கு? எதிரணி முகாமையாளருக்கு அன்று. அவர் தாமும் அதே வித்தையைச் செய்பவராதலின், பட்டியலைப் பார்த்தவுடன் ஐயுற்று, இரு வகைக்கும் ஆயத்தமாகவே வருகின்றார். யாவரும் பொய்யுரைக்கும் சந்தையிலே வியாபாரி ஏமாறான். புதிதாக வந்தவனே ஏமாறுவான். நிகழ்ச்சி ஏட்டைக் காசு கொடுத்து வாங்கி, பெயரையும் இலக்கத்தையும் விரலாற் தொட்டுப் படிக்கும் சிறுவன் ஏமாறுகின்றான். தங்கள் ஊர்ப்பிள்ளை ஆடுகின்றான் என்று தொலைதூரம் பயணஞ் செய்துவந்த முதியோர் ஏமாறுகின்றனர். எல்லாரினும் மேலாக, தான் ஆடப்போவதில்லை என்று அறிந்தும் அறிவிக்கப்பட்டவனாக ஊருக்குள் நடமாடும் ஆட்டக்காரன் வருந்துகின்றான். வாழ்த்துக் கூறுவோரிடம் அவன் என்ன சொல்வான்? உண்மை சொன்னால் அணிக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அயலாருக்குப் பொய்.

இதனை எழுதும் யானும் இவ்விடயத்திற் குற்றமற்றவன் அல்லேன். இல்லப் பொறுப்பாசிரியனாயிருந்த காலத்தில், மற்ற இல்லத்தாரை மயக்கும் நோக்குடன், உதைபந்தாட்ட அணியில் ஒரு மாணவனின் பெயரைப் பலகையில் இட்டு, ஆட்டநாளன்று வேறொருவனை இறக்கினேன். ஆட்டத்தை வென்றோம். மைதானத்தின் ஓரத்தில் நின்ற அம்மாணவன் என்னிடம் கோபிக்கவில்லை. "சேர், அம்மாவும் வந்திருக்கிறா" என்று மட்டுஞ் சொன்னான். அந்த ஆண்டு எத்தனை கோல்கள் அடித்தோம் என்பது எனக்கு நினைவில்லை. அவன் சொன்னது நினைவிலிருக்கின்றது.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. ஓரிரு நாள் முன்னரே அணியை அறிவிப்பதாயின் அறிவித்தவரே ஆடவேண்டும். காயமோ நோயோ காரணமாயின் மட்டும் மாற்றலாம். அதற்கு மனமில்லையேல், ஆட்டநாளுக்குரிய 26 பேரின் பெயர்களையும் பாகுபாடின்றி வெளியிட்டு, முதற் பதினைவர் யார் என்பதை ஆட்டத்துக்குச் சற்று முன்னர் உண்மையாக அறிவிக்கலாம். இரண்டில் எதனைக் கொண்டாலும் சூழ்ச்சிக்கு இடமுண்டு; பொய்க்கு இடமில்லை. இடம்மாறி ஆடும் மூன்றாம் வகையை எவரும் தடுக்க வேண்டியதில்லை. அது களத்திலே காட்டும் மதிநுட்பம்.

மாணாக்கரே, நாளை உங்களுட் பலர் அணித்தலைவராவீர். சிலர் ஆசிரியராகவும் அதிபராகவும் பெயர்ப்பட்டியல்களிற் கையொப்பமிடுவீர். எதிரியிடம் உங்கள் உபாயத்தை ஒளியுங்கள். அது ஆட்டத்தின் பகுதி. ஆனால் பலகையில் எழுதும் பெயரை உண்மையாக எழுதுங்கள். அதனைப் படிக்க வருபவன் எதிரி மாத்திரம் அல்லன். பெயருக்குரியவனின் தாயும் வருவாள்.