பறக்கக் கற்பிப்போர் பெறும் ஊதியம்

வில்லரேயின் வீட்டுக் கூரைகளுக்கு மேலாகத் தாழ்ந்து, விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் விமானங்களை எமது மாணவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். "எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள்?" என்று வகுப்பில் நாம் வினவினால், வைத்தியர், பொறியியலாளர் என்னும் வழக்கமான விடைகளுக்கிடையே "விமானி" என்னும் விடையும் எழுகின்றது. மகிழ்ச்சியே. ஆயினும், விமானியாகப் பயின்று வெளியேறும் இளைஞர் பலருக்கு முதலிற் கிட்டும் தொழில் பெரிய விமானத்தைச் செலுத்துவதன்று. தம்மைப் போன்ற இன்னொருவருக்குப் பறக்கக் கற்பிப்பதேயாகும். அத்தொழிலில் உண்மையில் எவ்வளவு ஊதியம் கிடைக்கின்றது என்பதைக் கடன்பட்டேனும் பிள்ளையைப் படிப்பிக்கத் துணியும் எமது பெற்றோர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

கனடாவில் வர்த்தக விமானி உரிமம் பெறுவதற்குக் குறைந்தது 200 மணித்தியாலம் பறந்திருத்தல் அவசியம். அதன்மேல் 30 மணித்தியாலப் பறப்புப் பயிற்சியும் 25 மணித்தியாலத் தரைவகுப்பும் பெற்று, தேர்வுகளிலும் சித்தியடைந்தவரே நான்காம் தரப் பயிற்றுநர் ஆகலாம். தரங்கள் நான்கினுள் இதுவே தொடக்கநிலை. இவர் தனித்து இயங்க முடியாது. முதலாம் அல்லது இரண்டாம் தரத்தவர் ஒருவரின் மேற்பார்வையிலேயே கற்பிக்கலாம். இந்நிலையை அடைவதற்குள் பல பத்தாயிரம் டொலர்கள் செலவாகிவிடும்.

சம்பளத்தை அறிய அரசாங்கத்தின் தொழில் விபரங்களைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் விமானிகள், பறப்புப் பொறியியலாளர்கள், பறப்புப் பயிற்றுநர்கள் ஆகிய மூவகையினரும் 72600 என்னும் ஒரே இலக்கத்தின்கீழ் அடக்கப்பட்டுள்ளனர். சமுத்திரங் கடக்கும் விமானத்தின் தலைமை விமானியும், இரண்டு அல்லது நான்கு பேர் அமரும் சிறு செஸ்னாவில் மாணவரின் அருகே அமர்ந்திருக்கும் புதிய பயிற்றுநரும் அங்கே ஒரே கணக்கில் வருகின்றனர். யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒன்றாக நிறுத்துச் சராசரி நிறை கூறினால், அந்த நிறையுள்ள விலங்கு எந்தக் காட்டிலும் இராது.

ஊதியம் வழங்கப்படும் முறையே இங்கு முக்கியமானது. மாதச் சம்பளம் வழங்கும் பள்ளிகளும் உள. ஆனால், பல பள்ளிகள் கற்பித்த மணித்தியாலத்துக்கே பணம் தருகின்றன. விமானத்தின் இயந்திரம் இயங்கும் நேரத்தை மானி ஒன்று பதிவு செய்யும். கணக்கு அதனையொட்டியே எழும். யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் மாணவர் தொகைக்கேற்பக் காசு பெற்ற ஆசிரியர்களின் நிலைமையை இது நினைவூட்டுகின்றது. அங்கே மழை வந்தாலும் வகுப்பு நடக்கும். இங்கே தாழ்ந்த முகிலோ, பலத்த குறுக்குக் காற்றோ, உறைபனியோ வந்தால் விமானம் நிலத்திலேயே நிற்கும். பயிற்றுநரின் சம்பளமும் அதனுடன் நின்றுவிடும். கியூபெக்கின் மாரிகாலத்தை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணித்தியாலத்துக்கு 30 டொலர் எனக் கொள்க. பயிற்றுநர் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை நிலையத்தில் இருக்கிறார். நான்கு மாணவர்கள் பதிந்திருந்தனர். முகிலால் ஒருவரின் பாடம் தடைப்பட்டது. எஞ்சிய மூவருடனும் தலா 1.2 மணித்தியாலம் பறந்தார். பறப்பின் முன்னும் பின்னும் விளக்கமளித்தமைக்குத் தலா 0.3 மணித்தியாலம் சேர்க்கப்பட்டது. மொத்தம் 4.5 மணித்தியாலம், 135 டொலர். பத்து மணித்தியாலத்தால் வகுத்தால் 13 டொலர் 50 சதம். கியூபெக்கில் 2025 மே மாதம் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியமோ 16 டொலர் 10 சதம். காத்திருந்த நேரத்துக்கும், இரவில் பாடம் ஆயத்தம் செய்த நேரத்துக்கும் மானி ஓடுவதில்லை.

பின்னர் ஏன் இதனை ஏற்கின்றனர்? பறந்த மணித்தியாலமே அவர்களுக்கு உண்மையான கூலி. கற்பிக்கும் நேரம் அவர்களது பறப்புப் பதிவேட்டிற் சேர்கின்றது. பெருவிமானத் தலைமை விமானிக்குரிய உரிமம் பெற 1500 மணித்தியாலம் வேண்டும். அமெரிக்காவில் 2009இல் பஃபலோ நகரருகே நிகழ்ந்த விமான விபத்தின் விளைவாக, 2013 முதல் துணை விமானிகளுக்கும் பொதுவாக அவ்வளவு அனுபவம் விதிக்கப்பட்டதால், கற்பித்தலே அங்கு பலருக்கு ஏணியாயிற்று.

ஏணியில் ஏறியவர் அதிலேயே நிற்பாரா? வேலை கிடைத்ததும் சென்றுவிடுவார். தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டம் கேட்பது 45 மணித்தியாலமே. ஆனால், நடுவில் பயிற்றுநர் மாறினால் புதியவர் பழைய பாடங்களை மீண்டும் பரிசோதிப்பார். அதற்கும் மாணவரே பணம் செலுத்த வேண்டும். பல்லாண்டு கரும்பலகையின் முன் நின்ற எமக்கு இம்முறை உவப்பானதன்று. அரிவரி வகுப்புக்குத்தான் அனுபவம் மிக்க ஆசிரியர் வேண்டுமென்பது எமது கருத்து. இங்கோ தொடக்க மாணவர்கள் தொடக்க ஆசிரியர்களிடமே பெரும்பாலும் ஒப்படைக்கப்படுகின்றனர்.

நிலைத்து நிற்போருக்கு நிலைமை மேம்படும். முதலாம் தரப் பயிற்றுநர்களும், பள்ளிகளின் தலைமைப் பயிற்றுநர்களும் கூடுதலாகப் பெறுகின்றனர். பறப்புப் பாவனை இயந்திரங்களில் பெருவிமானப் பயிற்சி அளிப்போரின் நிலை இன்னும் மேலானது. அவர்கள் பெரும்பாலும் நீண்டகாலம் விமானம் செலுத்தியவர்கள். அவ்வியந்திரங்களுக்கு உலகப் புகழ்பெற்ற சி.ஏ.ஈ. நிறுவனம் 1947இல் சென் உபேரில் தொடங்கப்பட்டு, எமக்கு அண்மையிலுள்ள சென் லோரனில் இயங்குகின்றது.

கியூபெக் வதிவோருக்குச் செலவு குறைந்த வழியொன்றும் உண்டு. சிக்கூத்திமி செஜெப் கல்லூரியின் விமானப் பயிற்சி நிலையம் 1968 முதல் இயங்குகின்றது. ஏனைய செஜெப் கல்விபோன்று அங்கும் வதிவோருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அனுமதி போட்டி மூலமே. கற்பித்தல் பிரெஞ்சு மொழியில். எவ்வழியிற் செல்வதாயினும், வர்த்தக விமானிக்குரிய முதலாம் வகை மருத்துவப் பரிசோதனையை முதற்கட்டணம் செலுத்துமுன்னரே செய்வித்துக்கொள்க. பள்ளியிடம் கேட்கவேண்டிய கேள்வி இரண்டு: உங்கள் பயிற்றுநர்கள் எத்தனை காலமாக இங்கே கற்பிக்கின்றனர்? விமானம் பறக்காத நாளில் அவர்களுக்குச் சம்பளம் உண்டா?