24 மணி நேர ரேஸ்... கடைசி 3 நிமிடம்: 5-ம் எண் டொயோட்டாவுக்கு ஒரு புள்ளிகூட கிடைக்காதது ஏன்?

2016 ஜூன் 19. பிரான்ஸின் லெ மான் 24 மணி நேர கார் பந்தயம் முடிய இன்னும் சில நிமிடங்கள்தான். 5-ம் எண் டொயோட்டா முதலிடத்தில் ஓடுகிறது. ஓட்டுபவர் ஜப்பானின் கசுகி நகஜிமா. 1985-ல் முதன்முதலாக இங்கே களமிறங்கிய டொயோட்டா, அதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 'இந்த முறை நமக்குத்தான்' என்று அணியே காத்திருந்தது.

அப்போதுதான் ரேடியோவில் நகஜிமாவின் குரல்: காரில் பவர் இல்லை. பிட் பகுதிக்கு எதிரே உள்ள நேர்ப்பாதையில் கார் அப்படியே நின்றுவிட்டது. சுமார் 3 நிமிடம் மீதமிருக்க, 2-ம் எண் போர்ஷே அதைக் கடந்து போனது. அவ்வளவுதான், ரேஸ் கைமாறிவிட்டது.

என்ன கோளாறு?

டர்போவையும் இன்டர்கூலரையும் இணைக்கும் காற்றுக் குழாயின் இணைப்பில் பிரச்சினை என்று டொயோட்டா பின்னர் விளக்கியது. 5,200 கி.மீ-க்கு மேல் ஓடிய காரைச் சாய்த்தது ஒரு சின்ன இணைப்பு.

2-ம் இடமாவது கிடைத்திருக்கணுமே?

இங்கேதான் விதி குறுக்கே வந்தது. கடைசிச் சுற்றை 6 நிமிடத்துக்குள் முடித்தால்தான் காருக்கு இடம் உண்டு என்பது அப்போதைய விதி. நகஜிமா எப்படியோ காரை மீண்டும் கிளப்பி, சுற்றை முடித்தார். ஆனால் ஆனது கிட்டத்தட்ட 12 நிமிடம். வென்ற போர்ஷேயைப் போலவே 384 சுற்றுகள் ஓடியும், 5-ம் எண் கார் தரவரிசையிலேயே இல்லை. 3 சுற்றுகள் பின்தங்கியிருந்த 6-ம் எண் டொயோட்டாவுக்கு 2-ம் இடம் போனது.

சாம்பியன்ஷிப்பில் என்ன ஆனது?

உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் வழக்கமான ரேஸை வென்றால் 25 புள்ளி. லெ மானில் அது இரட்டிப்பாகி 50. அந்த 50-ஐயும் சேர்த்து, போர்ஷேயின் ரொமைன் டூமா, நீல் ஜானி, மார்க் லீப் மூவரும் 94 புள்ளிகளுடன் பட்டியலில் முன்னேறினர். அடுத்து இருந்த ஆடி அணிக்கு 55 மட்டுமே.

அந்த சீசனில் மீதமிருந்த 6 ரேஸ்களில் இந்த மூவரும் ஒருமுறைகூட முதல் 3 இடங்களுக்குள் வரவில்லை. 4, 5, 6 என்றே முடித்தார்கள். ஆனாலும் பட்டம் அவர்களுக்குத்தான்! ஆரம்பத்தில் சேர்த்த புள்ளிகளும், அதன்பின் எந்த ரேஸையும் வெறுங்கையோடு முடிக்காததும் காப்பாற்றின. எண்டூரன்ஸ் ரேஸின் கணக்கே இதுதான்: வேகமாக ஓடினால் மட்டும் போதாது, ஓடி முடிக்கணும்.

நகஜிமா?

2018 ஜூனில் அதே லெ மானில் டொயோட்டா முதல்முறையாக ஜெயித்தது. ஃபெர்னாண்டோ அலோன்சோ, செபாஸ்டியன் புவெமி ஆகியோர் அணியில் இருந்தும், கடைசிக் கட்டத்தில் காரை ஓட்டி எல்லைக்கோட்டைத் தாண்டியவர் நகஜிமாதான். இந்த முறை கார் நிற்கவில்லை.